சின்ன ஒயின்

பிப்ரவரி முடியப்போகிற நேரத்தில், எங்கள் சரிவில் கத்தரி படாத திராட்சைக் கொடிகள் லா கோம்ப் தோட்டத்தில் மட்டுமே மிஞ்சியிருந்தன. மற்ற எல்லாத் தோட்டங்களிலும் நானும் அக்காவும் கவாத்தை முடித்துவிட்டோம். வெட்டிய குச்சிகள் வரிசைகளுக்கு நடுவே கட்டுக்கட்டாகக் கிடந்தன. லா கோம்ப் மட்டும் கீழே பள்ளத்தில், ஆற்றிலிருந்து ஏறிவரும் பனிக்குள், சிக்குப்பிடித்த தலையோடு நின்றுகொண்டிருந்தது. சாலையில் டிராக்டரில் போகிறவர்கள் அந்த இடம் வந்ததும் வேகத்தைக் குறைத்துப் பார்த்துவிட்டுப் போனார்கள். யாரும் எதுவும் கேட்கவில்லை. பூர் மலைச்சரிவில் இதற்கு விளக்கம் வேண்டியதில்லை. இந்த மாதத்தில் கவாத்து செய்யாத கொடி என்றால், பிடுங்கப்போகிற கொடி.

கொடியைப் பிடுங்கினால் அரசாங்கம் மானியம் தருகிறது. போர்தோ வட்டாரத்தில் ஒயின் அதிகம், குடிப்பவர்கள் குறைவு என்று கணக்குப் போட்டவர்கள் கண்டுபிடித்த வழி. விண்ணப்பத்தை நான் நிரப்பிக் கையெழுத்தும் போட்டுவிட்டேன். நிலம் எங்கள் இருவர் பெயரிலும் இருப்பதால் அக்கா மைலிஸின் கையெழுத்தும் வேண்டும். மூன்று வாரமாக அந்தத் தாள் ஃப்ரிட்ஜ் கதவில் மீன் வடிவக் காந்தத்தின் கீழ் தொங்கிக்கொண்டிருந்தது. அக்கா தினமும் அந்தக் கதவைத் திறந்து பால் எடுத்தாள், வெண்ணெய் எடுத்தாள், மூடினாள். கடைசித் தேதி வெள்ளிக்கிழமை.

நாங்கள் அதிகம் பேசுகிறவர்கள் இல்லை. அக்கா காலையில் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டிவிட்டு வருவாள். பிறகு இருவரும் ஒரே வரிசையின் இரண்டு பக்கமும் நின்று வெட்டிக்கொண்டே போவோம். நான்கு வரிசை வரைக்கும் ஒரு வார்த்தை இருக்காது. முன்பெல்லாம் அந்த மௌனத்தில் நான் சௌகரியமாக இருந்தேன். விண்ணப்பம் வந்த பிறகு அது வேறு மாதிரி ஆகிவிட்டது. கொடிக்கு அந்தப் பக்கம் அவளுடைய கத்தரியின் ஓசை கேட்கும். அவள் என்னிடம் சொல்ல வேண்டியதை அது சொல்வதுபோல இருக்கும்.

அந்த வார ஞாயிற்றுக்கிழமை மதியம்தான் அவள் வாய் திறந்தாள்.

"அந்தப் பள்ளம் உனக்கு என்னடா பண்ணுச்சு?"

"ஒண்ணும் பண்ணலை. அதான் பிரச்சினை. பதினோரு ஹெக்டேர்ல அதிகமா முதுகு ஒடியறது அங்கேதான். அதுல வர்ற ஒயினை நீ அஞ்சு லிட்டர் பெட்டியில அடைச்சு அக்கம்பக்கத்துக்கு விக்கிற. சமையலுக்கு ஊத்தறாங்க."

"சமையலுக்கு ஊத்தறவங்க குடிக்கவும் செய்யறாங்க."

"பெரிய ஒயின் பண்ணணும், இல்லாட்டி பிடுங்கணும் அக்கா. நடுவுல எதுவும் இல்லை."

பெரிய ஒயினைத்தான் நான் செய்துவைத்திருந்தேன். போன வருடத்துக்கு முந்தின அறுவடையில் லா கோம்பின் மால்பெக் வகைத் திராட்சையின் ஒயினில் ஒரு பகுதியை எட்டுப் புதிய ஓக் பீப்பாய்களில் ஊற்றினேன். மிச்சம் வழக்கம்போல அக்காவின் சிமென்ட் தொட்டிக்குப் போனது. பீப்பாயில் பதினான்கு மாதம் வைத்தேன். கனமான பாட்டில் வாங்கினேன். பாட்டிலுக்கு ஒரு பெயரும் வைத்தேன்: ஷாத்தோ பெல்மிராய். எங்கள் பக்கத்தில் ஒரே வீட்டுக்கு மூன்று பெயர் இருப்பது சாதாரணம். நல்ல பாட்டிலுக்கு ஒன்று, இரண்டாம் தரத்துக்கு ஒன்று, சூப்பர் மார்க்கெட்டுக்கு ஒன்று. ஷாத்தோ என்றால் கோட்டை மாளிகை, அதனால் லேபிளில் ஒரு கோபுரம் வரையச் சொன்னேன். எங்கள் வீட்டில் இருக்கிற உயரமான பொருள் டிவி ஆன்டெனா. லேபிள்கள் போன வாரம்தான் அச்சாகி வந்தன. ஊரில் யாரும் இன்னும் பார்க்கவில்லை.

எங்கள் பேச்சில் 'சின்ன' என்கிற சொல் எதற்கு முன்னாலும் வந்து ஒட்டிக்கொள்ளும். ஒரு சின்னக் காபி குடிக்கலாமா, ஒரு சின்ன நடை போய்வரலாமா என்று. பிரியமான சொல்தான். ஆனால் எங்கள் ஒயினுக்கு முன்னாலும் அது ஒட்டிக்கொண்டுவிட்டது. பாரிஸிலிருந்து வருகிறவர் கிளாஸைத் தூக்கிப் பார்த்து, "ஒரு சின்ன போர்தோ, விலைக்கு மோசமில்லை" என்பார். பாராட்டாகத்தான் சொல்வார். எங்கள் சரிவின் உச்சியில் நின்றால் ஆற்றுக்கு அக்கரையில் பெயர்பெற்ற மெதோக் வட்டாரம் தெரியும். அங்கே விளையும் ஒயின்களுக்கு முன்னால் அந்தச் சொல்லை யாரும் சொல்லிக் கேட்டதில்லை. அதே நதி, அதே மழை. இருபத்தைந்து வருடமாக அக்கரையைப் பார்த்துக்கொண்டே நான் கவாத்து செய்கிறேன்.

"சரி, ஒரு பேச்சு வச்சுக்குவோம்," என்றாள் அக்கா. "செவ்வாய்க்கிழமை சங்கத்துல ருசி பார்க்கிறாங்க. பெல்ஜியத்துல இருந்து அந்தக் கடைக்காரம்மா வருதாம். உன் பீப்பாய் ஒயினை அது எடுத்துக்கிட்டா, லா கோம்பை நீ பிடுங்கக் கூடாது. எடுக்கலைன்னா நான் கையெழுத்துப் போட்டுடறேன்."

"பேச்சு பேச்சுதான்?"

"நான் என்னைக்குடா மாறியிருக்கேன்?"

அவள் மாறியதில்லை. நான் கையெழுத்துப் போட்டவன். ஆனாலும் அந்தப் பள்ளத்தைப் பிடுங்க வேண்டும் என்று நான் உண்மையில் விரும்பினேனா? என் பெரிய ஒயின் ஜெயித்து, லா கோம்ப் பிழைத்து, நான் சொன்னதுதான் சரி என்றும் ஆக வேண்டும். எனக்கு வேண்டியிருந்தது இவை எல்லாமே.

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்குச் சங்கத்தில் கூடினோம். பாட்டில்களுக்கு எல்லாம் பெயர் தெரியாதபடி கறுப்புத் துணியில் காலுறை மாட்டி, எண் ஒட்டியிருந்தார்கள். நான்கு மேசை, மேசைக்கு ஐந்து பாட்டில், ஐந்து பேர், ஒரு துப்பும் வாளி. ருசி பார்ப்பவர்கள் எல்லோரும் ஒயின் செய்கிறவர்களே. அவரவர் ஒயின் அவரவர் மேசைக்கு வராமல் பார்த்துக்கொள்வது ஒதிலின் வேலை. ஒதில் சங்கத்தை நடத்துகிறவள். ஐம்பது உறுப்பினர்களுடைய எல்லா ஒயின் பெயர்களும் அவளுக்கு மனப்பாடம் என்று பெயர்.

எங்கள் சங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. மதிப்பெண் தாளின் அடியில் ஒரு வரி காலியாக இருக்கும்: இதைச் செய்தவரிடம் நேருக்கு நேர் என்ன சொல்வீர்கள்? கடைசியில் ஒதில் அதை எல்லோர் முன்னாலும் வாசிப்பாள். பிறகுதான் காலுறையைக் கழற்றுவாள். தாளில் யாரும் பெயர் எழுதுவதில்லை. எல்லோருக்கும் எல்லோருடைய கையெழுத்தும் தெரியும்.

பெல்ஜியக்காரி ஜன்னல் பக்கம் கோட்டைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தாள். பெயர் க்ரீத். கென்ட் நகரத்தைச் சுற்றி ஆறு கடை வைத்திருக்கிறாள். நரைத்த குட்டை முடி, பச்சை நிறச் சேற்றுக் காலணி. எல்லா மேசைப் பாட்டில்களிலும் கொஞ்சம் கொஞ்சம் ஊற்றி வாங்கிப் பார்த்துத் துப்பினாள். முகத்தில் எதுவும் ஓடவில்லை.

எனக்குப் பின்னால், முதுகோடு முதுகாக, அடுத்த மேசையில் மார்சியால். எங்கள் தோட்டத்துக்கு மேலே அவன் தோட்டம்.

"மாப்ள, உன் ஒயின் என் மேசையில இருக்குன்னு நினைக்கிறேன்," என்றான் திரும்பாமலே.

"எப்படித் தெரியும்?"

"மூணாம் நம்பர். சின்ன நாய் மாதிரி இருக்கு. கடிக்கலை, ஆனா குரைச்சுக்கிட்டே இருக்கு."

அவன் மேசையில் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்தச் 'சின்ன' காதுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

எங்கள் மேசையின் நான்காம் எண்ணை முகர்ந்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. வறுத்த காப்பிக்கொட்டை, வெனிலா, தச்சுப் பட்டறை. திராட்சை எங்கே என்று தேட வேண்டியிருந்தது. வாயில் வைத்தால் ஈறு வறண்டது. இது மார்சியாலுடையது என்று முடிவு செய்தேன். அவனும் இரண்டு வருடமாகப் புதுப் பீப்பாய் வாங்குகிறான். அவன் ஒயின் என் மேசைக்கு வரத் தடையில்லை. இருபதுக்கு ஒன்பது போட்டேன். பிறகு அந்தக் காலி வரியில் எழுதினேன். மெதுவாக, அழுத்தி, ரசித்து எழுதினேன். அதை மறைப்பதில் பயனில்லை.

ஒதில் முதல் மேசையை முடித்து எங்கள் மேசைக்கு வந்தாள். ஒன்று, இரண்டு, மூன்று. சாதாரணமான வரிகள். நன்றாக இருக்கிறது, இன்னும் ஆறு மாதம் பொறுங்கள், கந்தக வாடை கவனிக்கவும். பிறகு நான்கு. நாலு பேருடைய வரிகளை வாசித்துவிட்டு ஐந்தாவது தாளைத் தூரப் பிடித்தாள்.

"'இந்த ஆளுக்குத் தன் திராட்சையைப் பார்த்தால் வெட்கம். விருந்தாளி வந்ததும் பெண்டாட்டியை அலமாரிக்குப் பின்னால் ஒளித்துவைப்பவனைப் போல, மரத்துக்குப் பின்னால் ஒளித்து வைத்திருக்கிறான்.'"

கூடமே சிரித்தது. மார்சியால் தொடையில் தட்டிக்கொண்டான். "யாருப்பா அந்தப் பாவி?"

அவன் தன்னைத்தான் சொல்கிறார்கள் என்று தெரியாமல் சிரிக்கிறான் என்று நினைத்தேன். ஒதில் காலுறையைப் பிடித்து இழுத்தாள். முதலில் கோபுரத்தின் உச்சி தெரிந்தது.

அந்தக் கோபுரத்தை எனக்கு உடனே அடையாளம் தெரியவில்லை. அழகாக இருக்கிறதே, யாருடையது என்று ஒரு கணம் யோசித்தேன்.

"ஷாத்தோ பெல்மிராய்," என்று வாசித்தாள் ஒதில். "இது யாருடையது? புதுசா இருக்கு. நான் யாரோ மேட்டுப் பக்கத்துக்காரங்கன்னு நினைச்சு..." கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பின் லேபிளின் பொடி எழுத்துக்கு வந்தாள். அங்கே நின்றுவிட்டாள். பிறகு நிமிர்ந்து, "ரெமி, நீ இந்த மேசையிலதானே உட்கார்ந்திருக்கே?" என்றாள்.

ருசி பார்ப்பதற்கான படிவத்தில் புதுப் பெயரை மட்டும் எழுதிக் கொடுத்திருந்தேன். பெயர் பெரிதாக இருந்தால் போதும் என்று நினைத்தேன். அவளுடைய மனப்பாடத்தில் அந்தப் பெயர் இல்லை.

துப்பும் வாளியில் ஒரு சொட்டு விழுகிற சத்தம் கேட்டது. தாளில் இருந்தது யார் கையெழுத்து என்று கேட்க அவசியம் இல்லை. வாசல் பக்கம் பார்த்தேன். அக்கா நின்றுகொண்டிருந்தாள், கையில் பேருந்துச் சாவி. எப்போது வந்தாள் என்று தெரியவில்லை. ஆனால் எல்லாவற்றையும் கேட்டிருந்தாள்.

மார்சியால் என் பக்கம் நாற்காலியைத் திருப்பினான். குரலைத் தாழ்த்தி, "மாப்ள, நான்கூட இவ்வளவு மோசமா சொல்லியிருக்க மாட்டேன்டா," என்றான். கேலியாக இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

நானும் அக்காவும் வெளியே வந்தோம். கார் பக்கத்தில் நின்று அக்கா என்னைப் பார்க்காமல் ஆற்றைப் பார்த்தாள். கடலின் ஏற்றவற்றம் ஆற்றில் திரும்பும் நேரம். தண்ணீர் எந்தப் பக்கமும் போகாமல் பழுப்பாக நின்றது.

"வீட்டுக்குப் போனதும் போட்டுடறேன்," என்றாள்.

"அக்கா..."

"பேச்சு பேச்சுதான். சாப்பிட்டுட்டுப் போடறேன். வெறும் வயித்துல முடியாது."

அப்போது பின்னால் பச்சைக் காலணிகள் சரளைக்கல்லில் நடந்துவந்தன. க்ரீத் எங்கள் எதிரே வந்து நின்றாள். எங்கள் மொழியை அவள் ஒவ்வொரு சொல்லாகத் தட்டிப் பார்த்துப் பேசினாள்.

"அந்த வரி எழுதினது யாரு?"

"நான்."

"அந்த ஒயின் பண்ணினது யாரு?"

"அதுவும் நான்தான்."

"சரி, வேலை குறைஞ்சுது. ரெண்டு பேரைத் தேட வேண்டாம்." அவள் சிரிக்கவில்லை. "பாட்டில் எனக்கு வேண்டாம். ஆனா அந்த வரி சரி. அதனால ஒண்ணு கேக்கறேன். வெட்கப்படற அளவுக்கு அது என்ன திராட்சை?"

அக்கா கார்க் கதவைத் திறந்தாள்.

"சூப் அடுப்புல இருக்கு. வந்து பாருங்க. அப்புறம் கேளுங்க."

வழியில் லா கோம்ப் வந்தது. அக்கா காரை நிறுத்தினாள். க்ரீத் இறங்கி வேலி ஓரம் போய்ப் பார்த்தாள். எங்கள் பள்ளத்தில் மேலே ஒரு சாண் மண், கீழே சுண்ணாம்புக்கல். கொடிகள் அறுபது வயதுக்காரர்களைப் போல ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்கம் சாய்ந்து நின்றன. அவள் நீண்ட குச்சிகளைத் தொட்டுப் பார்த்தாள். கவாத்து ஏன் ஆகவில்லை என்று கேட்கவில்லை. ஊர் ஊராகப் போகிறவள், தெரிந்திருக்கும்.

வீட்டில் நான் நல்ல கிளாஸ்களை எடுத்து வைத்தேன். ஏன் என்று தெரியவில்லை, பெல்மிராய் ஒரு பாட்டிலையும் திறந்து வைத்தேன். தோற்ற பிறகும் மனிதனுக்கு ஒரு நம்பிக்கை இருக்கும்போல. அக்கா முட்டைக்கோஸும் வெள்ளைப் பீன்ஸும் பன்றி இறைச்சித் துண்டும் போட்ட சூப்பைப் பரிமாறினாள். பிறகு சிமென்ட் தொட்டியிலிருந்து பிடித்துவந்த ஒயினை ஜாடியோடு மேசை நடுவில் வைத்தாள். நான் ஜாடியைக் கொஞ்சம் ஓரமாகத் தள்ளினேன். அவள் திரும்ப நடுவில் வைத்தாள்.

சூப் தட்டின் அடிக்கு வந்தபோது அக்கா ஜாடியை எடுத்தாள். செய்யாதே என்று கண்ணால் சொன்னேன். அவள் என்னைப் பார்த்துக்கொண்டே மிச்சச் சூப்பில் ஒயினை ஊற்றினாள், தட்டை இரண்டு கையாலும் தூக்கினாள், சத்தமாகக் குடித்தாள்.

"இது என்ன?" என்றாள் க்ரீத்.

"ஷாப்ரோ. எங்க வீட்டுல தினமும் உண்டு. விருந்தாளி முன்னாடி செய்யக் கூடாதுன்னு தம்பி சொல்வான்."

க்ரீத் தன் தட்டைப் பார்த்தாள். ஜாடியை வாங்கினாள், ஊற்றினாள், தூக்கினாள். தாடையில் ஒரு கோடு வழிந்து கழுத்துத் துணியில் ஊதாவாக இறங்கியது. துடைக்கவில்லை. தட்டைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தாள்.

மௌனங்கள் எனக்குப் பழக்கம். இது மரியாதைக்காகச் சும்மா இருப்பவளுடைய மௌனம் இல்லை. எதையோ கேட்டுக்கொண்டிருப்பவளுடையது. அடுப்பில் விறகு சரிந்தது. அக்கா ரொட்டியைக் கிழித்துத் தட்டைத் துடைத்தாள்.

"இதைக் கிளாஸ்ல ஊத்துங்க," என்றாள் க்ரீத்.

நல்ல கிளாஸில் ஊற்றினேன். இந்த ஒயின் அந்தக் கிளாஸில் விழுவதை நான் பார்த்தது அதுவே முதல் தடவை. முகர்ந்தாள். குடித்தாள். துப்ப வாளி தேடவில்லை.

"இது எந்தத் தோட்டம்?"

"நீங்க இப்ப பார்த்த அதே பள்ளம்," என்றாள் அக்கா. "அதே வருஷம், அதே வாரம் பறிச்சது. எட்டுப் பீப்பாய்லயும் இடம் இல்லாததால இது தப்பிச்சுது."

க்ரீத் என் பக்கம் திரும்பினாள். "நீங்க குடிச்சுப் பாருங்க. காலையில மத்தவங்களோடதைக் குடிச்சீங்களே, அந்த மாதிரி."

எனக்கு அவமானமாக இருந்தது. ஆனால் குடித்தேன். காலுறை மாட்டியிருக்கிறது, யாருடையது என்று தெரியாது என்று நினைத்துக்கொண்டேன். கறுப்புப் பழம். அதற்குப் பின்னால் வயலட் பூ வாசனை, ஆழத்தில் ஈரச் சுண்ணாம்புக்கல். கடைசியில் நாக்கைப் பிடித்துக் கடித்துவிட்டு விடுகிற ஒரு துவர்ப்பு. இன்னொரு வாய் குடிக்கத் தோன்றியது. இதை நான் வருடக்கணக்கில் தினமும் சூப்பில் ஊற்றிக் குடித்திருக்கிறேன். ஒருநாளும் கவனித்ததில்லை. என் கவனமெல்லாம் அக்கரையில்தான் இருந்தது.

"என்ன எழுதுவீங்க?" என்றாள் க்ரீத்.

கிளாஸைக் கீழே வைத்தேன். "ஒண்ணும் எழுத மாட்டேன். ஊத்திக்கிட்டு இன்னொரு வாய் குடிப்பேன்."

முதல் முறையாக அவள் சிரித்தாள். பிறகு கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டாள்.

"என் கடைக்கு வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஒரு நர்ஸம்மா வருவாங்க. ஒரு பாட்டில்தான் வாங்குவாங்க, அன்னைக்கே திறக்கறதுக்கு. உருளைக்கிழங்கு, கோழி, ரெண்டு பசங்க. பத்து யூரோவுக்கு மேல போக மாட்டாங்க. போர்தோன்னாலே கையை எடுத்துடறாங்க. அது தாத்தாங்க பரிசா குடுத்துக்கறது, நமக்கில்லைன்னு. அவங்களுக்குக் குடுக்க எனக்கு இது வேணும்."

"இதுவா?" என்றேன்.

"கோபுரம் இல்லாம. லேசான பாட்டில்ல. அந்தப் பள்ளத்துக்குப் பேர் என்ன?"

"லா கோம்ப்," என்றாள் அக்கா. "வெறும் பள்ளம்னுதான் அர்த்தம்."

"அந்தப் பேர்தான்."

ஆயிரத்து இருநூறு பாட்டில் எடுத்துக்கொள்வதாகச் சொன்னாள். அதற்கு மேல் வாக்குக் கொடுக்க மாட்டேன் என்றாள். நர்ஸம்மா இரண்டாவது பாட்டில் வாங்க வந்தால் தானும் இரண்டாவது தடவை வருவேன் என்றாள். தொட்டியில் அதைப்போல ஐந்து மடங்கு இருந்தது.

"பீப்பாய் ஒயினை என்ன பண்றது?" என்று கேட்டேன்.

"ரெண்டு மூணு வருஷம் இருட்டுல போட்டு வைங்க. கோபம் அடங்கினாலும் அடங்கும்."

"அடங்கலைன்னா ஏப்ரல்ல அதுல லாம்ப்ரே மீன் வேக வைக்கிறேன்," என்றாள் அக்கா. "மீனுக்கு மரத்தைப் பத்தி ஒண்ணும் தெரியாது."

க்ரீத் காலி கிளாஸை என் பக்கம் நகர்த்தினாள். "இன்னும் ஒரு சின்னது ஊத்துங்க," என்றாள்.

ஊற்றினேன். அந்தச் சொல் என்னைக் குத்தாமல் கடந்துபோனது பாதி ஊற்றிய பிறகுதான் உறைத்தது.

புதன், வியாழன் இரண்டு நாளும் மழை. அக்கா பேருந்து ஓட்டினாள், நான் தொட்டி அறையைக் கழுவினேன். தாள் ஃப்ரிட்ஜிலேயே இருந்தது. அவள் கையெழுத்துப் போடவில்லை, கிழிக்கவும் இல்லை. ஆயிரத்து இருநூறு பாட்டில் ஒரு தோட்டத்தைக் காப்பாற்றாது. அது அவளுக்கும் தெரியும். மானியம் கைக்கு வரும் என்பது உறுதி. பெல்ஜியத்தில் ஒரு நர்ஸம்மாவின் இரண்டாவது பாட்டில் உறுதி இல்லை. இரவில் படுத்துக்கொண்டு இரண்டையும் மாற்றி மாற்றி நிறுத்துப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் தாள்தான் கனமாக இருந்தது. ஒவ்வொரு தடவையும் வாயில் அந்தத் துவர்ப்பு வந்தது.

வெள்ளிக்கிழமை காலை மழை விட்டிருந்தது. பேருந்தை நிறுத்திவிட்டு அக்கா வந்தாள். தாளை எடுத்து மேசையில் விரித்தாள். பேனாவைத் திறந்தாள்.

"பீப்பாய் ஒயினைத்தான் பந்தயத்துல வச்சோம். அது தோத்துடுச்சு. நான் பேச்சு மாற மாட்டேன்," என்றாள். "நீ கேட்டா இப்பவே போடறேன். பன்னெண்டு மணிக்குத் தபால் ஆபீஸ் மூடிடும்."

நீ கேட்டால். பேனா முனை தாளுக்கு மேலே அசையாமல் நின்றது. நான் அவளுடைய கையைப் பார்த்தேன். கத்தரி பிடித்துப் பிடித்துக் கட்டைவிரலின் அடியில் தோல் மஞ்சளாகக் காய்த்திருந்தது. எனக்கும் அதே இடத்தில் அதே காய்ப்பு.

எழுந்தேன். கதவுப் பக்க ஆணியில் தொங்கிய கத்தரிகள் இரண்டையும் எடுத்தேன். ஒன்றை மேசையில், பேனாவின் பக்கத்தில் வைத்தேன். வெளியே நடந்தேன்.

லா கோம்பில் முதல் வரிசையின் மூன்றாம் கொடிக்கு நான் வந்தபோது, எதிர்ப்பக்கம் இன்னொரு கத்தரியின் ஓசை சேர்ந்துகொண்டது. நான் நிமிரவில்லை. நீண்ட குச்சிகளைக் கம்பியிலிருந்து பிய்த்து இழுத்துப் பின்னால் போட்டுக்கொண்டே போனோம். வெட்டிய இடத்தில் தண்ணீர் கசிந்து துளியாக நின்றது. கொடிக்குள் ஏற்கெனவே ஓட்டம் தொடங்கிவிட்டிருந்தது. நாங்கள்தான் தாமதம்.

கொஞ்ச நேரத்தில் மேலே சாலையில் டிராக்டர் சத்தம் மெதுவானது, பிறகு நின்றது. மார்சியால் வேலிக்கு மேலே தலையை நீட்டினான்.

"என்ன மாப்ள, பிடுங்கப்போற கொடிக்கு முடி வெட்டி விடறே? பொண்ணு பார்க்க வர்றாங்களா?"

"பிடுங்கலை."

"பெல்ஜியக்காரி மொத்தத்தையும் வாங்கிட்டாளா?"

"இல்லை. கொஞ்சம்."

"கொஞ்சம்னா?"

"சின்னதா ஒரு கொஞ்சம்," என்றேன்.

ஏதாவது கேலி வரும் என்று காத்திருந்தேன். அவன் நான் முடித்துவிட்டு வந்த கொடிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தான்.

"அந்த அஞ்சாவது கொடியில மொட்டு ரெண்டு கூடுதலா விட்டிருக்கே. கண்ணு தெரியலையா?"

"தெரியுது," என்றாள் அக்கா, வரிசைக்கு அந்தப் பக்கத்திலிருந்து. "நான்தான் விடச் சொன்னேன்."

அவள் எதுவும் சொல்லியிருக்கவில்லை. டிராக்டர் மறுபடி கிளம்பிப் போனது. நாங்கள் ஆறாவது கொடிக்கு நகர்ந்தோம்.